புள்ளிகளைப் பார்த்துத் திருக்கை வாங்காதீர்கள்

வண்ணமீன் வளர்ப்பில் சில ஆண்டுகள் தேறியவர்களுக்கு ஒரு கட்டத்தில் நன்னீர்த் திருக்கையின் மேல் ஆசை வந்துவிடுகிறது. கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளோடு, ஒரு சாண் அகலத்தில், கடைத் தொட்டியின் அடியில் ஒட்டிக் கிடக்கும் குட்டியைப் பார்த்தவர், அது வளர்ந்தால் எவ்வளவு அகலம் வரும் என்று கேட்பதற்கு முன்பே விலை பேசத் தொடங்கிவிடுகிறார். எந்தத் திருக்கை வாங்கலாம் என்று நண்பர்கள் என்னைக் கேட்கும்போது, உங்கள் வீடு எத்தனையாவது மாடியில் இருக்கிறது, வாரந்தோறும் எத்தனை லிட்டர் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப முடியும் என்ற இரண்டு கேள்விகளைத்தான் நான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். இனத்தின் பெயர் அதற்குப் பிறகு வரவேண்டியது. இந்த இரண்டுக்கும் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இனத்தையும் தாமாகவே தீர்மானித்துவிடுகின்றன.

கடைகளில் கிடைக்கும் நன்னீர்த் திருக்கைகள் ஏறக்குறைய எல்லாமே தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த பொட்டாமோட்ரைகானிடே குடும்பத்தவை. வால் நீங்கலாக வட்டமாக இருக்கும் உடற்பகுதியை வளர்ப்பவர்கள் டிஸ்க் என்றே சொல்கிறார்கள். தொட்டியின் அளவைக் கணக்கிட வேண்டியது குட்டியின் டிஸ்க்கைக் கொண்டு அன்று, முழு வளர்ச்சியடைந்த பெண்ணின் டிஸ்க்கைக் கொண்டு. இக்குடும்பத்தில் பெண்கள் ஆண்களைவிடப் பெரிதாக வளர்கின்றன. பரவலாகக் கிடைக்கும் மோட்டோரோ இனத்தில் அரை மீட்டர் டிஸ்க் என்பது வியப்புக்குரிய அளவே அல்ல. திருக்கை தொட்டிக்குள் தடையின்றித் திரும்ப வேண்டுமானால், தொட்டியின் முன்பின் அகலம் டிஸ்க்கைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் நெடுநாளாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. அந்தக் கணக்கின்படி குறைந்தது ஒரு மீட்டர், அதாவது மூன்றடிக்கும் மேல் அகலம் தேவைப்படுகிறது. ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட தொட்டி இளம் திருக்கைகளுக்கும் சிறிய ஆண்களுக்கும் போதும். வாழ்நாள் முழுவதும் வைத்திருக்க எட்டடிக்கு நான்கடி என்பதையே நான் குறைந்த அளவாகச் சொல்வேன். உயரத்துக்குச் செலவிடும் பணம் வீண். இரண்டடி உயரத்துக்கு மேல் போவதால் திருக்கைக்குப் பயனில்லை. கண்ணாடியின் தடிமனும் விலையும் எடையும் ஏறுவதுதான் மிச்சம்.

எட்டடிக்கு நான்கடித் தொட்டியில் ஐம்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்தினால் ஏறத்தாழ 1,500 லிட்டர். பன்னிரண்டு மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்தால் கண்ணாடி மட்டுமே 200 கிலோவைத் தாண்டும். இதோடு மணல், இரும்புத் தாங்கி, கீழே வடிகட்டும் சம்ப் தொட்டி ஆகியவற்றைச் சேர்த்தால் இரண்டு டன்னை நெருங்கிவிடும். இந்தியாவில் வீடுகளின் தளத்தை வடிவமைக்கும்போது, ஆட்களும் அறைகலன்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ என்ற பயன்பாட்டுச் சுமையையே ஐ.எஸ். 875 தரவிதி கொள்கிறது. ஐம்பது சென்டிமீட்டர் நீரோ சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தளத்தின் மீது இறக்குகிறது. உத்தரங்களும் சுவர்களும் எங்கே ஓடுகின்றன என்பதைப் பொறுத்துச் சில தளங்கள் இதைத் தாங்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் கட்டுமானப் பொறியாளரே தவிர, தொட்டி செய்து கொடுப்பவர் அல்லர். அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் தளத்தில் இருப்பவர்களை நான் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறேன்.

தரைத்தளத்தில் இடம் உள்ளவர்கள் கண்ணாடித் தொட்டியைத்தான் வாங்க வேண்டும் என்பதுமில்லை. திருக்கையின் கோலம் முழுவதும் அதன் முதுகில் இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு அதில் பாதிகூடத் தெரியாது. ஃபைபர் தொட்டியோ, உட்புறம் எபாக்சி பூசிய சிமென்ட் தொட்டியோ செலவிலும் குறைவு, மேலிருந்து பார்ப்பதற்கும் அதுவே சிறந்தது. பூசாத சிமென்ட் நீரின் பி.எச். அளவை ஏற்றிவிடும் என்பதால் அந்தப் பூச்சைத் தவிர்க்கக் கூடாது. வரவேற்பறைக்கு வருபவர்கள் வியக்க வேண்டும் என்பதற்காகத் திருக்கை வாங்குபவருக்கு இந்த யோசனை பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

தரையைவிடத் தண்ணீர்தான் கடினமான கேள்வி. கடலில் வாழும் திருக்கைகளும் சுறாக்களும் தம் குருதியில் யூரியாவை மிகுதியாகத் தேக்கி வைத்துக் கடல்நீரின் உப்புச் செறிவுக்கு ஈடுகொடுக்கின்றன. அமேசான் திருக்கைகள் ஆற்றுநீரில் நெடுங்காலம் வாழ்ந்ததில் அந்தத் திறனையே இழந்துவிட்டன. அவற்றின் உடல் திரவத்தில் யூரியா மிகக் குறைவு என்பது 1967-இல் வெளியான ஆய்விலேயே காட்டப்பட்டது. உப்பை வெளியேற்றும் மலக்குடல் சுரப்பியும் அவற்றில் சிறுத்துப் போய்விட்டது. நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகவே அவை நேரடியாக நீரில் விடுகின்றன. புரதத்தையே உணவாகக் கொண்டு, நாள்தோறும் நிறைய உண்டு, வேகமாக வளரும் உயிர் என்பதால், ஒரு நடுத்தரத் திருக்கை விடும் கழிவைத் தாங்க ஒரு கூட்டம் சிறிய மீன்களுக்குப் போதுமான வடிகட்டி போதாது. எந்த மீன் நோய்க்கும் கைநிறையக் கல்லுப்பு அள்ளிப் போடும் நம் வழக்கமும் இங்கே பொருந்தாது.

அம்மோனியாவில் இன்னொரு நுட்பம் உண்டு. சோதனைக் கருவி காட்டும் மொத்த அளவில் நஞ்சாக இருப்பது அயனியாகாத பகுதி மட்டுமே. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7 இருக்கும் நீரில் அந்தப் பகுதி நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பி.எச். 8 ஆனால் ஐந்து பங்குக்கும் மேல் போகிறது. வெப்பம் ஏறினால் இன்னும் கூடுகிறது. சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, காரத்தன்மை மிக்கது, கோடையில் வெதுவெதுப்பானது. அமேசான் பகுதியிலுள்ள பிரேசில் நகரமான மணாஸில் ஒருவர் பொருட்படுத்தாமல் விடக்கூடிய அம்மோனியா அளவு, நம் வீட்டுத் தொட்டியில் திருக்கையின் செவுளை எரித்துவிடலாம். எனவே அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. தொட்டியின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் சம்ப்பும், அதில் பல வாரங்கள் முதிர்ந்த நுண்ணுயிர்ப் படலமும் திருக்கை வீட்டுக்கு வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

வடிகட்டி அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுமே தவிர, நைட்ரேட்டை அகற்றாது. அதை அகற்றுவது நீர் மாற்றம். வாரம் பாதி என்று வைத்தால் 1,500 லிட்டர்த் தொட்டிக்கு 750 லிட்டர், மாதத்துக்கு மூவாயிரம். வீட்டு ஆர்.ஓ. கருவியின் நீரையே பயன்படுத்த நினைப்பவர், ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவுநீர் போகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, தெருவெங்கும் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றபோது, பெரிய தொட்டிகளை வைத்திருந்தவர்களின் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று என்பது விளங்கும். திருக்கை பத்து ஆண்டுகளைத் தாண்டி வாழக்கூடியது; அத்தனை கோடைகளும் மழையோடு வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. குழாய்நீரைப் பயன்படுத்துபவர்கள் குளோரினை நீக்கிய பிறகே அதைத் தொட்டிக்குள் விட வேண்டும் என்பதை இந்த அளவுக்கு வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வெப்பம் குறித்தும் ஒரு சொல். குளிர் நாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகள் ஹீட்டரைப் பற்றியே பேசுகின்றன. ஹீட்டர் மேல் திருக்கை படுத்து வெந்து போகாமல் இருக்க அதைச் சம்ப்புக்குள் வைக்க வேண்டும் என்பது அவற்றில் தவறாமல் வரும் அறிவுரை. நமக்குச் சிக்கல் மறுபக்கம். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும் நீர், 32 டிகிரியில் 7.3 மில்லிகிராம்தான் கொள்ளும். அதே வேளையில் மீனின் உடலும் வடிகட்டியின் நுண்ணுயிர்களும் கேட்கும் ஆக்சிஜன் கூடுகிறது. மே மாத நள்ளிரவில் ஒரு மணி நேர மின்தடை போதும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்குவதா, அறைக்குக் குளிரூட்டி போடுவதா என்பதை அவரவர் பணப்பை முடிவு செய்யட்டும். ஆனால் இன்வெர்ட்டரில் இணைந்த காற்றுப் பம்பு இல்லாத வீட்டில் திருக்கை இருக்கக் கூடாது.

இவ்வளவையும் தாண்டி வந்தவருக்குத்தான் இனத் தேர்வு. முதல் திருக்கையாக நான் பரிந்துரைப்பது பண்ணையில் பிறந்த மோட்டோரோவை. 1841-இல் முல்லர், ஹென்லே என்ற ஆய்வாளர்கள் இருவரும் விவரித்த இந்த இனம் அமேசான், பரானா–பராகுவே ஆற்றுப் படுகைகளில் பரந்து வாழ்கிறது. பழுப்பு நிற முதுகில், கருவளையம் சூழ்ந்த ஆரஞ்சு வட்டங்கள் இதன் அடையாளம். பரந்த நிலப்பரப்பில் பலவகை நீரில் வாழ்ந்த இனம் என்பதால் நடுத்தரக் கடினத்தன்மை கொண்ட நீரையும், ஏழரை வரையிலான பி.எச். அளவையும் இது பொறுத்துக்கொள்கிறது. தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளில் பல தலைமுறைகளாகப் பிறந்து வளர்வதால், இறால் துண்டையும் மூழ்கும் குருணையையும் குட்டிப் பருவத்திலேயே பழகியிருக்கிறது. இதன் ஒரே குறை அளவுதான். மற்றொன்றையும் சொல்ல வேண்டும்: மோட்டோரோ என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் கலப்பினங்கள் ஏராளம். வீட்டில் வளர்ப்பதற்குக் கலப்பு ஒரு குறை இல்லை. தூய இனம் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கும்போதுதான் அது குறையாகிறது.

அடுத்தது எல்லோரும் ஆசைப்படும் கருந்திருக்கைகள். கடைகளில் ஒரே பெயரில் கலந்து விற்கப்பட்டாலும் இவை இரண்டு இனங்கள். லியோபோல்டி என்பது பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் படுகையில் மட்டுமே வாழ்வது. பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டின் பெயரால் 1970-இல் விவரிக்கப்பட்டது. ஹென்லெய் என்பது அதே நாட்டின் டொக்காந்தின்ஸ்–அராகுவாயா ஆற்றுப் படுகைக்கு உரியது. யாருடைய பெயர் இதற்குச் சூட்டப்பட்டதோ அந்த ஹென்லே, நம் சிறுநீரகப் பாடத்தில் வரும் ஹென்லே வளைவைக் கண்டறிந்த அதே ஜெர்மானிய உடற்கூறியலாளர்தான். உப்பைத் தக்கவைத்து நீர்த்த சிறுநீரை ஓயாமல் வெளியேற்றியாக வேண்டிய ஒரு நன்னீர் மீனுக்கு அவர் பெயர் அமைந்தது தற்செயல் என்றாலும் பொருத்தமானது. லியோபோல்டியின் கருமை ஆழ்ந்தது, வெள்ளைப் புள்ளிகள் தெளிவானவை. ஹென்லெயில் புள்ளிகள் விளிம்பு வரை பரவியிருக்கும், அடிப்பகுதியில் வெண்மையும் கூடுதலாக இருக்கும். தைவானில் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யப்பட்ட பிளாக் டயமண்ட் போன்ற வகைகள் இக்கருந்திருக்கைகளிலிருந்து வந்தவை. அவற்றின் விலையில் பெரும்பகுதி புள்ளிகளின் அழகுக்கானது, உடல்நலத்துக்கானதன்று.

நம் ஊர் வெப்பத்துக்கு லியோபோல்டி பொருத்தமானது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஷிங்கு பாறைகளுக்கிடையே வேகமாக ஓடும், தெளிந்த, வெதுவெதுப்பான ஆறு. அதில் வாழும் மீன்கள் 29, 30 டிகிரியை இயல்பாக ஏற்கின்றன. ஆனால் அந்த ஆற்றில் ஆக்சிஜனும் நிறைந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டு வெப்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நீரோட்டமும் காற்றோட்டமும் வலுவாக உள்ள தொட்டியில், பண்ணையில் பிறந்த லியோபோல்டி மோட்டோரோவைவிடக் கோடையை எளிதாகக் கடக்கும் என்பது என் கணிப்பு. இடம் குறைவாக உள்ளவர்கள் ஆண் லியோபோல்டியைத் தேர்ந்தெடுத்தால், ஆண்கள் ஏறத்தாழ நாற்பது சென்டிமீட்டர் டிஸ்க்கோடு நின்றுவிடும் என்பதும் ஓர் அனுகூலம்.

இந்த இனங்களை ஆற்றில் பிடித்தவையாக வாங்கக் கூடாது என்பதற்கு என்னிடம் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று ஆற்றைச் சார்ந்தது. ஷிங்கு ஆற்றின் பெருவளைவில் 2011-இல் கட்டத் தொடங்கப்பட்டு 2016-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய பெலோ மோன்ட்டே அணை, அந்த வளைவின் நீரோட்டத்தைப் பெருமளவு திசைதிருப்பிவிட்டது; டொக்காந்தின்ஸ் ஆற்றில் 1984-லேயே துக்குருயி அணை எழுந்துவிட்டது. ஒரே படுகையில் மட்டும் வாழும், குறைவாகவே குட்டி ஈனும் மீனுக்கு இது சிறிய இடையூறன்று. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மாநாடு, லியோபோல்டி, ஹென்லெய் உட்பட ஏழு நன்னீர்த் திருக்கை இனங்களை இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தது. அதற்குப் பிறகு உரிய அனுமதித் தாள் இல்லாமல் அவை நாடு விட்டு நாடு செல்ல முடியாது. இரண்டாவது காரணம் முழுக்க நடைமுறை சார்ந்தது: ஆற்றில் பிடித்த திருக்கைகள் ஒட்டுண்ணிகளோடும், பட்டினியால் மெலிந்த உடலோடும் வருகின்றன. செம்பு கலந்த மருந்துகளைத் திருக்கை தாங்காது என்பதால் மற்ற மீன்களுக்குச் செய்யும் வழக்கமான சிகிச்சைகளில் பலவும் அதற்குக் கைகொடுக்காது.

அதே ஏழில் அடங்கிய ஜபுட்டி, அல்பிமாகுலாட்டா ஆகிய இரண்டும் பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தவை. இவை 2016-இல்தான் அறிவியல் பெயர் பெற்றன. அதற்கு முன்பே முத்துத் திருக்கை என்றும், பி-14 என்றும் வணிகத்தில் உலவின. அழகில் இவற்றுக்கு ஈடில்லை. ஆனால் முதல் திருக்கையாக இவற்றைக் கேட்டு வருபவரிடம், முதலில் ஒரு மோட்டோரோவை ஒரு கோடை தாண்டி வளர்த்துக் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

டீகப் என்ற பெயரில் விற்கப்படும் சிறு திருக்கைகளைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை இல்லை. அப்படி ஓர் இனமே கிடையாது. ரெட்டிகுலேட்டா என்று வணிகத்தில் அழைக்கப்படும் ஓர்பின்யி வகைக் குட்டிகளையும், வேறு இனக் குட்டிகளையும் சேர்த்து, அவை அந்த அளவிலேயே நின்றுவிடும் என்ற எண்ணம் வரும்படி வைத்த பெயர் அது. ஹிஸ்ட்ரிக்ஸ் என்ற சீட்டு ஒட்டி விற்கப்படுவதும் பெரும்பாலும் இவையே. உண்மையான ஹிஸ்ட்ரிக்ஸ் பரானா–பராகுவே படுகைக்குரியது. விலை குறைவு, உருவம் சிறிது என்பதால் புதியவர்கள் இவற்றில்தான் முதலில் கைவைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஆற்றில் பிடிபட்டு மெலிந்து வரும் இவற்றை உண்ணவைப்பது தேர்ந்தவர்களுக்கே சிரமம். உண்மையிலேயே சிறிய இனம் வேண்டுமென்றால் ரியோ நீக்ரோ ஆற்றின் வாலசெய் இருக்கிறது. முப்பது சென்டிமீட்டரை ஒட்டி நின்றுவிடும். ஆனால் அது உப்பே இல்லாத, அமிலம் மிக்க கருநீரில் பிறந்தது. நம் கடினநீரில் அதை வைப்பது அந்த உயிரை வதைப்பதாகும்.

மறுகோடியில், சேஜா என்றும் ஆப்பிள் திருக்கை என்றும் அழைக்கப்படும் பாராட்ரைகான் ஐயரெபா ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். வீட்டுத் தொட்டி அதற்குரிய இடம் அன்று. ஆசிய நன்னீர்ப் பெருந்திருக்கையைப் பற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2022 ஜூனில் கம்போடியாவின் மேகாங் ஆற்றில் பிடித்து, அளந்து, விடுவிக்கப்பட்ட ஒன்று 300 கிலோ எடை இருந்தது என்று சொன்னால் அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இனம் முடிவான பிறகு, கடையில் இருக்கும் பல குட்டிகளில் எதை எடுப்பது என்பது தனிக் கலை. சென்னையில் கொளத்தூர்ச் சந்தைக்குப் போனாலும், வெளியூர்ப் பண்ணையிலிருந்து நேரடியாக வரவழைத்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் குட்டி உண்பதை என் கண்ணால் பார்க்காமல் நான் வாங்க மாட்டேன். உணவை நீரில் விட்டதும் நல்ல குட்டி மோப்பம் பிடித்துக் கிளம்பி, இரையின் மேல் உடலைக் கவிழ்த்து, வாயருகே உறிஞ்சும். வாய் அடிப்பக்கம் இருப்பதால் அது உண்மையில் விழுங்கியதா, மூடிவிட்டு நகர்ந்ததா என்பதைச் சற்று நின்று பார்த்துத்தான் சொல்ல முடியும். இப்போதுதான் தீனி போட்டோம் என்ற பதில் வந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். வால் தொடங்கும் இடத்தில், இடுப்புக் குருத்தெலும்புகள் இருபுறமும் மேடாகத் தெரிந்து நடுவே பள்ளம் விழுந்திருந்தால் அந்தக் குட்டி நெடுநாள் பட்டினி கிடந்திருக்கிறது. அதை மீட்பது அரிது. கண்கள் உள்ளே வாங்கியிருப்பதும் அப்படியே. டிஸ்க்கின் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் விலையைக் கேட்கவே வேண்டாம். பெரும்பாலும் சாவை நெருங்கிய திருக்கைதான் அப்படிச் சுருளும். கண்ணுக்குப் பின்னால் உள்ள மூச்சுத்துளைகள் சீராகத் திறந்து மூடுகின்றனவா, ஒன்று மட்டும் அடங்கிக் கிடக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். தொட்டிக் கண்ணாடியில் ஏறி அடிப்பக்கத்தைக் காட்டும்போது, கருப்பைக்குள் உணவூட்டிய மஞ்சள்கருப் பையின் எச்சம் வயிற்றில் ஒட்டியிருந்தால் அந்தக் குட்டி இன்னும் பயணத்துக்குத் தயாராகவில்லை என்று பொருள்.

வீட்டுக்கு வந்த குட்டிக்கு நறுக்கிய இறாலும், உரமும் பூச்சிமருந்தும் படாத மண்ணிலிருந்து எடுத்த மண்புழுவும், ஜிலேபி மீன் துண்டும் நல்ல உணவு. சாக்கடையோரம் சேகரிக்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுவை நான் தொடுவதில்லை. சில கடல்மீன்களில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருப்பதால், ஒரே மீனை மாதக்கணக்கில் கொடுக்காமல் மாற்றிக் கொடுப்பதும், மூழ்கும் குருணையை மெல்லப் பழக்குவதும் நல்லது. அடியில் மெல்லிய ஆற்றுமணல் போதும். கூரான சரளைக்கல் அடிவயிற்றைக் கிழித்துவிடும். அரோவானா, சில்வர் டாலர் போன்ற மேல்மட்ட, நடுமட்ட மீன்களோடு திருக்கை பொதுவாக ஒத்துப்போகும். டேங்க் கிளீனர் என்று நம் கடைகளில் விற்கப்படும் சக்கர் மீனை மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். அது இரவில் திருக்கையின் முதுகில் ஒட்டிக்கொண்டு மேல்கோழையைச் சுரண்டித் தின்னும்; சுரண்டிய இடம் புண்ணாகும்.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வாலில் உள்ள முள் ரம்பம் போன்ற பற்கள் கொண்டது. அதைப் போர்த்திய தோலில் நஞ்சு இருக்கிறது. முள் அவ்வப்போது உதிர்ந்து புதிதாக வளரும் என்பதால், வெட்டி விட்டதாகக் கடைக்காரர் சொல்வதை நம்பிக் கையை விடக் கூடாது. திருக்கை தானாகத் தேடி வந்து தாக்குவதில்லை. மிதிக்கப்பட்டாலோ, வலையில் சிக்கினாலோ, மூலையில் நெருக்கப்பட்டாலோ வாலைச் சுழற்றும். வலையால் பிடிக்காமல், பெரிய பிளாஸ்டிக் கூடைக்குள் மெதுவாக ஓட்டி நீரோடு தூக்குவதே வழி. குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, கை பொறுக்கும் அளவுக்கு, ஏறத்தாழ 45 டிகிரிக்கு மிகாமல், வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் மூழ்க வைத்தால் வலி தணியும். அந்த நஞ்சு வெப்பத்தில் சிதையும் புரதம். வெந்நீர் தயாராகும் வரை வீட்டில் காத்திருக்க வேண்டும் என்பதில்லை, மருத்துவமனைக்குக் கிளம்பும் ஏற்பாட்டோடு சேர்த்தே இதைச் செய்யலாம். முள்துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், காயம் சீழ் பிடிக்கலாம், டெட்டனஸ் தடுப்பும் தேவைப்படலாம் என்பதால் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். சிறு பிள்ளைகள் கைவிட்டு விளையாடும் உயரத்தில் திறந்த தொட்டி இருக்கக் கூடாது.

சட்டத்தின் பக்கம் ஒரு கடமை உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நான்காம் அட்டவணையில் இடம்பெற்ற வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள், 2024-இல் வெளியான விதிகளின் கீழ், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். வாங்கியதை மட்டுமன்றி, பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும். எனவே வாங்கும் இனம் அட்டவணையில் உள்ளதா என்பதை முன்பே பார்த்து, விற்பவரிடமிருந்து இனப்பெயர் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது தரத் தயங்கும் இடத்தில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுவது நல்லது.

பிறப்பு என்று சொன்னது வெறும் சட்டச் சொல்லாக நின்றுவிடாது. ஆணும் பெண்ணும் ஒன்றாக வளர்ந்தால் குட்டிகள் வரும். தொட்டிகளில் ஏறத்தாழ மூன்று மாதச் சூலுக்குப் பிறகு, தாயின் வடிவிலேயே, முள்ளோடு சேர்ந்த முழு உருவில் பிறக்கும். நான்கு குட்டிகள் பிறந்தால் இன்னும் நான்கு பெருந்தொட்டிகளுக்கு இடம் தேட வேண்டும். இடம் தேட முடியாதவர்கள் செய்ததன் விளைவைச் சிங்கப்பூரில் காணலாம்: அங்கே அப்பர் செலத்தார் நீர்த்தேக்கத்தில் தென் அமெரிக்கத் திருக்கைகள் நிலைபெற்றுப் பெருகிவிட்டதை 2010-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நம் ஏரிகளின் வெப்பமும் அவற்றுக்கு ஒத்துப்போகக் கூடியதே. குட்டிகளுக்கு இடமில்லாதவர்கள் ஒரே பாலினத்தை மட்டும் வாங்க வேண்டும். அதிலும் இரண்டு பெண்கள் பெரும்பாலும் அமைதியாக வாழும். ஆணின் இடுப்புத் துடுப்புகளின் உட்புறம் விரல் போன்ற இரண்டு புணர்ச்சி உறுப்புகள் பிறந்த குட்டியிலேயே தெரியும் என்பதால், விற்பவர் அதை நீரோடு ஒரு கண்ணாடிப் பெட்டியில் எடுத்துக் காட்டும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.